கடைசிப் பகைவன்

நவம்பர் 2, இறந்த நம்பிக்கையாளர் அனைவரின் நினைவு நாள்
வாசகம்: 1 கொரிந்தியர் 15:20-28



போன ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை திரும்பி வந்து கேட்டாள்: "ஃபாதர், ஹாரி பாட்டரோட அப்பா அம்மா கல்லறையில பைபிள் வசனம் இருக்காமே, உண்மையா?" உண்மைதான். எங்கே இருக்கிறது என்று எனக்கே மறந்துபோயிருந்தது. திருவனந்தபுரம் பாளையத்தில் 1829இல் தொடங்கிய மாநில மத்திய நூலகம் இருக்கிறதே, அங்கே போய் ஏழாவது புத்தகத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன்.

மாயமந்திரக் கதையைத் திருப்பலியில் பேசுவதா என்று சில பெரியவர்கள் நெளிவது தெரிகிறது. பில்லி, சூனியம், மாந்திரீகம் எல்லாவற்றையும் நம் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2117ஆம் பத்தியில் விலக்கியிருக்கிறது. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மந்திரித்த கயிறு கட்டிய கையை நீட்டி நன்மை வாங்க வருகிறவர்களைப் பற்றி எனக்குள்ள கவலை, கதை படிக்கும் பிள்ளைகளைப் பற்றி இல்லை.

அந்தக் கடைசிப் புத்தகம் 2007 ஜூலை 21இல் வந்தது. எழுதிய ஜே.கே. ரௌலிங் இந்தக் கதையைத் தொடங்கியது 1990இல். அதே ஆண்டு டிசம்பர் 30இல் அவருடைய தாயார் இறந்துபோனார். இப்படி ஒரு கதை எழுதுவதாகத் தாயிடம் அவர் சொல்லியிருக்கவே இல்லை. ஏழு புத்தகத்திலும் சாவு ஒரு மூலையில் நின்றுகொண்டே இருப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

அந்தப் புத்தகத்தில், கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய இரவு. பதினேழு வயது ஹாரியும் தோழி ஹெர்மயனியும் பனி மூடிய கல்லறைத் தோட்டத்தில் தேடுகிறார்கள். ஒரு வயதில் இழந்த பெற்றோரின் கல்லறையை அவன் முதல் முறையாகப் பார்க்கிறான். இறந்த நாள் 1981 அக்டோபர் 31, அதாவது புனிதர் அனைவர் பெருவிழாவின் முந்தைய இரவு. இருவருக்கும் வயது 21. கல்லில் தேதிகளுக்குக் கீழே இன்று நாம் வாசிக்கக் கேட்ட 26ஆம் வசனம்: அழிக்கப்பட வேண்டிய பகைவர்களில் சாவு கடைசி என்று பவுல் எழுதியது. சற்றுத் தள்ளி இன்னொரு கல்லில் மத்தேயு 6:21. கதை முழுவதையும் இந்த இரண்டு வரிகளே ஏறக்குறைய அடக்கிவிடுகின்றன என்று ரௌலிங் 2007 அக்டோபரில் சொன்னார்.

பையனுக்குத் திகைப்பு. சாவை ஒழிக்கக் கிளம்பியவன் அவனுடைய எதிரி வோல்டமோர்ட் அல்லவா? சாகாமல் இருப்பதற்காகக் கொலை செய்து, தன் ஆன்மாவையே துண்டு துண்டாக்கி ஒளித்து வைத்தவன். அவனுடைய கொள்கை நம் வீட்டுக் கல்லில் எப்படி வந்தது? ஹெர்மயனி மெதுவாகத் திருத்துகிறாள்: இது சாவுக்குத் தப்புவது பற்றியது அல்ல, சாவுக்கு அப்பாலும் வாழ்வது பற்றியது. மறைக்கல்வித் தேர்வாக இருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன். பையனோ தேறவில்லை. அவர்கள் மண்ணுக்குள்தானே கிடக்கிறார்கள் என்று அழுகிறான். அதற்குப் பிறகு அவள் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஒரு பூவளையம் உண்டாக்கித் தருகிறாள். அவன் அதைக் கல்லறையில் வைக்கிறான். ஒருவரை ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொண்டு, பேசாமல் வெளியே நடக்கிறார்கள்.

இதில் முதல் பாதியை மட்டும் செய்தவன் நான். 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் வந்தது. பூந்துறை, விழிஞ்ஞம், அடிமலத்துறை, பொழியூர். எல்லை தாண்டினால் நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர். உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? எச்சரிக்கை வரும் முன்பே பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். பலருடைய உடல் கரைக்கு வரவேயில்லை. காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டப்படி ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் குடும்பங்களுக்காக அது தளர்த்தப்பட்டது. சான்றிதழ் வந்தது. போய் நின்று அழ ஒரு கல் வரவில்லை.

அந்த டிசம்பரில் ஒரு வீட்டில் ஒரு தாயிடம், "எல்லாம் கடவுள் சித்தம் அம்மா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் எனக்குக் கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தார். முற்றத்துக் கொடியில் மகனுடைய சட்டை கிடந்தது. காய்ந்து எத்தனையோ நாளாகியும் யாரும் அதை எடுக்கவில்லை. சாயாவைக் குடித்துவிட்டுத் தலை குனிந்து வந்தேன்.

பவுல் அந்தத் தாயிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். சாவைப் பகைவன் என்றே அவர் எழுதுகிறார். இலாசரின் கல்லறைக்கு முன்னால், சற்று நேரத்தில் அவரை எழுப்பப்போகும் ஆண்டவரே அழுதார். ஹாரியின் புத்தகத்துக்குள் மூன்று சகோதரர்களின் கதை ஒன்று வருகிறது. அதில் இளையவன் முதுமையில் சாவைப் பழைய நண்பனைப்போல வரவேற்று உடன் போகிறான். அழகான கதைதான். அசிசி பிரான்சிசும் சாவைச் சகோதரி என்று அழைத்தார். ஆனால் அவர் அழைத்தது தம்முடைய சாவை. அடுத்த வீட்டுச் சாவை அப்படி அழைக்கும் உரிமை எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

கடைசிப் பகைவன் என்றால் அவன் இன்னும் நிற்கிறான் என்றுதான் பொருள். கிறிஸ்து முதற்கனி என்று 20ஆம் வசனம் சொல்கிறது. நம் கரையில் சொல்வதானால், முதல் வள்ளம் கரை ஏறிவிட்டது. மற்ற வள்ளங்கள் இன்னும் கடலில். வள்ளம் ஏறிய கரையில் காத்திருப்பதும் ஒரு வள்ளமும் வராத கரையில் காத்திருப்பதும் ஒன்றல்ல. ஆனாலும் காத்திருப்பு காத்திருப்புதான். அழுகை வரத்தான் செய்யும்.

இப்போது கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். கல்லறை உள்ளவர்கள் அவரவர் இடத்தில் நில்லுங்கள். கடலில் போனவர்களுக்காகப் பெரிய சிலுவையின் அடியில் மணல் பரப்பியிருக்கிறது, மெழுகுதிரிகளை அங்கே நடுங்கள். பெயர்களை மெதுவாக வாசிப்பேன். யாருடைய பெயராவது விட்டுப்போனால் உரக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழை இன்றும் வரும்போலத் தெரிகிறது. குடை வைத்திருப்பவர்கள் பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்துப் பிடியுங்கள்.