மூன்றாண்டும் முடியாத கணக்கும்

'காலம் கடந்துவிட்டது, இனி வழக்குத் தொடுக்க இயலாது' என்னும் சொல், பிறர் உரிமையை எடுத்தாண்டவர் செவிக்கு விடுதலைபோல் ஒலிக்கிறது. நீதிமன்றத்தின் கதவு சாத்தப்பட்டதும் வினையின் கணக்கும் முடிந்ததாகக் கொள்ளலாமா? தொழிலும் வணிகமும் மேற்கொண்டோர் நம்மிடையே பலர் இருப்பதால் இவ்வினா நமக்குப் புறம்பானதன்று.

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளை நாம் அறிவோம். ஒரு பட்டறையார் பலநாள் முயன்று புதிய கொலுசு வடிவம் ஒன்றை அமைத்து, 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி, சந்தைக்கு அனுப்புமுன்பே பதிவும் செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மற்றொருவர் அதனை அப்படியே பார்த்துச் செய்து விற்கிறார். வெள்ளியில் ஒரு குன்றிமணி எடையும் களவு போகவில்லை. ஆயினும் ஒருவருடைய அறிவின் உழைப்பு அவர் இசைவின்றி எடுக்கப்பட்டுவிட்டது.

இத்தகைய தனியுரிமையையோ பதிப்புரிமையையோ மீறியதற்கு இழப்பீடு கேட்போர், மீறல் நிகழ்ந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்தல் வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். காலம் கடந்த வழக்கை, எதிர்வாதி சுட்டிக்காட்டாவிடினும், நீதிமன்றம் தள்ளிவிட வேண்டும். இதற்குத் தக்க காரணம் உண்டு. சாட்சிகள் மறைவர், கணக்கேடுகள் அழியும், நினைவு மங்கும். நெடுங்காலம் கழித்துக் குற்றம் சாட்டப்பட்டால், குற்றமற்றவரும் தம்மைக் காத்துக்கொள்ள இயலாது. அவ்வகையில் இவ்வரையறையும் பிறர்க்கு ஊறு செய்யாமையின்பாற்பட்டதே.

ஆனால், காலம் கடந்ததனால் தவறு சரியாகிவிட்டது என்று சட்டமே சொல்லவில்லை. மீறல் தொடர்ந்தால் காலமும் புதிதாகத் தொடங்கும். வஞ்சகத்தால் மறைக்கப்பட்டிருந்தால், அது வெளிப்பட்ட நாளிலிருந்தே காலம் எண்ணப்படும். காலாவதியான கடனைத் திருப்பித் தருவதாக ஒருவர் கையொப்பமிட்டு எழுதிக்கொடுத்தால், அது செல்லும் என்கிறது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். கடன் அழிந்திருந்தால் அவ்வாறு எழுதிக்கொடுக்க என்ன இருக்கிறது?

'சுமீத்' மிக்சியின் பெயர் குறித்த வழக்கில், வாளா இருந்ததே இசைவு ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1994இல் விளக்கியது. 'லட்சுமண ரேகா' என்னும் பெயர் குறித்த வழக்கில், தாமதம் ஒன்றே தடையாணையை மறுக்கப் போதுமானதன்று என்று 2004இல் கூறியது.

இங்கு ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். நூலாசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமையே முடிவடைகிறது. அதன்பின் அந்நூல் உலகின் பொதுச்செல்வம். அதனை அச்சிடுவது களவன்று. வழக்கிற்குரிய காலம் மட்டும் முடிந்தால் நிலைமை வேறு. உரிமை உரியவரிடமே இருக்கிறது. கேட்கும் வழிதான் அடைபட்டது.

ஆசாரியர் உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில், கொடாததைக் கொள்ளுதலே களவு என்றார். கள்ளாமை விரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள், போலிப் பொருளை மெய்ப்பொருள்போல் வழங்குதலையும் ஒன்றாக வைத்தார். பிறர் அடையும் பயனுக்கு இடையூறு செய்வது அந்தராய கருமத்தைக் கட்டும் என்றும், அதன் மிகுதியான ஸ்திதி 30 கோடாகோடி சாகரோபமம் என்றும் அந்நூல் காட்டுகிறது. வினைக்கும் காலவரையறை உண்டு. ஆனால், அது தவற்றைச் செய்தவர் கேள்வியினின்று தப்புவதற்கான எல்லை அன்று. வினை உயிரோடு கட்டுண்டு நிற்கும் எல்லை.

இழந்தவர்க்கும் நம் ஆகமம் ஓர் எல்லை வகுத்துள்ளது. கோம்மடசாரம் கோபத்தின் வாசனைக் காலத்தை, அந்தர்முகூர்த்தம், அரைத்திங்கள், ஆறு திங்கள், அதற்கும் அப்பால் என நான்காகப் பிரிக்கிறது. ஆறு திங்களையும் கடந்து நிற்கும் கோபம் அனந்தானுபந்தி. அது நற்காட்சியையே கெடுப்பது. ஆகவே, சட்டம் இருவர்க்கும் ஒரே மூன்றாண்டை அளந்து கொடுக்க, அறம் இழந்தவரிடம் பகையை விரைவில் விடுமாறும், எடுத்தவரிடம் தவற்றை ஒருபோதும் மறவாதிருக்குமாறும் கூறுகிறது.

பகையை விடுதல் உரிமையை விடுதல் அன்று. தம் பொருள் எடுத்தாளப்படுவதை அறிந்தவர் காலத்தோடு எழுதிக் கேட்கட்டும். சான்றோரை வைத்துப் பேசட்டும். இயலாதபோது உரிய காலத்துள் வழக்காடட்டும். எதிரி நன்கு பொருள் ஈட்டிய பின் பெருந்தொகை கேட்கலாம் என்று மௌனமாகக் காத்திருப்பது மாயமும் உலோபமுமாம்.

எடுத்தாண்டவர் செய்யத்தக்கது இன்னும் தெளிவானது. தந்தையார் தொடங்கிய தொழிலில் பிறர் வடிவமோ பெயரோ கலந்திருப்பதை மக்கள் பின்னர் அறிய நேரலாம். அன்றே அதனை நிறுத்துவதும், உரியவரிடம் சென்று உரைப்பதும், இயன்ற ஈடு தருவதும், ஆலோசனையும் பிரதிக்கிரமணமும் செய்வதும் வினை உதிர்ப்புக்கு வழியாகும். க்ஷமாவணி நாளில் இழந்தவர் மன்னித்திருக்கலாம். அம்மன்னிப்பு அவர் தம் உயிரைத் தூய்மை செய்துகொண்டது; எடுத்தவர் கணக்கைத் தீர்க்கும் இரசீது அன்று.

நம் இல்லங்களின் கணக்கேட்டில் 'காலாவதி' என்று எழுதி ஒரு பற்றை அடிக்குமுன், அது உரியவர்க்குச் சேர்ந்ததா என்று ஒருமுறை பார்ப்போமாக. அறம் வளர்க.