கிட்டாரில் விழுந்த கீறலும் பாஸின் கூலியும்

ஹட்டன் பக்கம் மே மாதம் மழை பிடித்தால் செப்டம்பர் வரை வீட்டுக்குள் எதுவும் முழுசாகக் காய்வதில்லை. கிட்டாருக்கு அந்த ஈரம் ஆகாது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருந்தால்தான் அதன் மரம் சொன்னபடி கேட்கும். ஈரம் கூடினால் மேல்பலகை ஊதி, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பின்பக்கமாகக் கிளம்பிவிடும். பிறகு டவுனில் கிட்டார் பழுதுபார்க்கும் ஒரு பாஸைத் தேடித்தான் போக வேண்டும்.

பாஸ் பிரிட்ஜைச் சூடேற்றி, மெல்லிய தகட்டுக் கத்தியை அடியில் நுழைத்துக் கழற்றுகிறார். பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப்பசை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்குகிறார். சுருதி பழையபடி நிற்கிறது. ஆனால் பிரிட்ஜ் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், கொண்டுவந்தபோது இல்லாதது. இப்போது கூலியை முழுதாகக் கொடுப்பதா, குறைப்பதா?

"சத்தம் நல்லா வருதுதானே" என்று பாஸ் சொல்லித் தப்பிப்பது சுலபம். ஆனால் பொருளின் அழகும் பொருளோடு சேர்ந்ததுதான். நாட்சம்பளம் 2021இல்தான் 1000 ரூபாவைத் தொட்டு, 2024இல் 1350 ஆன தேயிலைத் தோட்டங்களில் ஒரு சாதாரணக் கிட்டாருக்கே பல வாரச் சம்பளம் போகும். நாளை விற்க நேர்ந்தால், வாங்க வருகிறவரின் கண் முதலில் விழுவது அந்தக் கீறலில்தான். தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு எதற்குப் பளபளப்பு என்ற நினைப்பு அந்தப் பதிலுக்குள் ஒளிந்திருக்குமானால், அது கீறலைவிட மோசம்.

கீறல் என்றாலே கேடு என்றும் சொல்ல முடியாது. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969இல் வாங்கிய மார்ட்டின் கிட்டாரில் அவர் கை உரசி உரசி ஓட்டையே விழுந்துவிட்டது; அதை அடைக்காமல் வைத்துக்கொண்டு வாசிக்கிறார். ஃபெண்டர் நிறுவனம் புதுக் கிட்டாரையே தேய்த்துப் பழசாக்கிக் கூடுதல் விலைக்கு விற்கிறது. அவையெல்லாம் உடையவர் சம்மதித்த தழும்புகள். பாஸ் போட்ட கீறலுக்கு யாரும் சம்மதிக்கவில்லை. சூட்டில் லேக்கர் கொப்பளிக்கலாம், ஒட்டிய டேப்பை உரிக்கும்போது பழைய பூச்சும் கூட வரலாம் என்பது தொழில் தெரிந்தவருக்குத் தெரியும். முன்கூட்டியே அதைச் சொல்லியிருந்தால் அந்த ஆபத்தில் இருவருக்கும் பங்கு உண்டு. சொல்லாமல் செய்தால் முழுப்பொறுப்பும் பாஸுடையது. கீறலை மெழுகு தடவி மறைத்துக் கொடுத்தாரானால் பேச்சே வேறு. கை தவறுவது யாருக்கும் நடக்கும், மெழுகு தானாக வந்து ஒட்டாது.

மறுபக்கம், கீறலைக் காட்டிக் கூலியில் கை வைப்பதும் நியாயமாகத்தான் தோன்றும். இந்த இடத்தில் தோட்டத்து ஆட்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு இத்தனை கிலோ, சாக்குக்கு இத்தனை, முற்றல் இலைக்கு இத்தனை என்று கழித்து எழுதுவதையும், சொன்ன கிலோ வராவிட்டால் நாள் முழுக்க மலையில் நின்றவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவதையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் அவர்கள். கழிப்பது என்பதே அங்கே குற்றமில்லை. ஈர இலைக்கு எடை கூடத்தான் செய்யும். நிறுப்பவரே எவ்வளவு கழிப்பது என்றும் முடிவு செய்கிறார், பறித்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்பதுதான் உறுத்துகிறது. பாஸிடம் போய், "இவ்வளவுதான் தருவேன்" என்று பாதிக்காசை மேசையில் வைக்கிறவரும் அதையேதான் செய்கிறார்.

ஆகவே கூலி வேறு, சேதம் வேறு. கழன்ற பிரிட்ஜ் ஒட்டிவிட்டது; அந்த வேலைக்குப் பேசிய காசு பாஸுக்குச் சேர வேண்டும். கீறலைச் சரிசெய்யும் பொறுப்பும் அவருடையதே. லேக்கரைச் சொட்டுச் சொட்டாக நிரப்பி, நன்றாகக் காயவிட்டு, 2000 நம்பர் தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அதற்குத் தனியாகக் காசு கேட்கக் கூடாது. சரிசெய்ய முடியாத கீறலென்றால் இருவரும் பேசி ஒரு தொகைக்கு வரலாம். பேச்சு முறிந்தால் சட்டமும் இருக்கிறது: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். ஒரு கீறலுக்காக அவ்வளவு தூரம் போவது அதிகம்தான். ஆனாலும் வழி இருப்பது தெரிந்திருப்பது நல்லது.

"போகட்டும் விடுங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லவும் எல்லாராலும் முடியாது. சொந்தக் கிட்டார் என்றால் சொல்லலாம். கோயில் பாடகர் குழுவுக்குப் பத்துப் பேர் காசு சேர்த்து வாங்கிய கிட்டாரை டவுனுக்குத் தூக்கிப் போனவருக்கு அந்த உரிமை இல்லை. அவர் அதை அப்படியே திரும்பக் கொண்டுபோய், கீறலைக் காட்டி, குழுவிடம்தான் கேட்க வேண்டும்.