இனம் பிரித்தல்: ஒரு குரு சீட உரையாடல்

சீடர்: ஐயா, அங்கன்வாடியில் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு விலங்குகளை இனம் பிரிக்கச் சொல்லித்தருகிறேன். இரண்டு தட்டு வைத்து, வீட்டு விலங்குகளை ஒன்றிலும் காட்டு விலங்குகளை மற்றதிலும் போடச் சொன்னேன். ஒரு பெண் பிள்ளை பூனையோடு பல்லியையும் எலியையும் வீட்டுத் தட்டில் வைத்தாள். மாட்டை எடுத்துத் தரையில் வைத்துவிட்டாள்.

குரு: மாடு ஏன் தரையில் நிற்கிறது என்று கேட்டாயா?

சீடர்: கேட்டேன். “மாடு வீட்டுக்குள்ள வராது, கொட்டாயிலதான் கட்டுவாங்க” என்றாள். இதைத் தப்பென்று திருத்துவதா, விட்டுவிடுவதா?

குரு: எதைத் திருத்துவாய்? வீட்டுக்குள் இருப்பது எது என்பது அவள் விதி. மனிதர் வளர்ப்பது எது என்பது உன் விதி. நீ தட்டுக்குப் பெயர் சொன்னாய், விதியைச் சொல்லவில்லை. அவள் தானே ஒரு விதி வகுத்துக்கொண்டு, கடைசி வரை அதில் பிசகாமல் நின்றிருக்கிறாள். இனம் பிரிப்பதில் முதல் பாடம் அந்தப் பிசகாமைதான் அம்மா.

சீடர்: அப்படியானால் எப்படிப் பிரித்தாலும் சரியா? காக்கையையும் எருமையையும் கருப்பென்று ஒன்றாகப் போட்டால்?

குரு: நிறத்தைக் கேட்டிருந்தால் சரிதான். ஆனால் எல்லாப் பிரிவுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. ஒன்று கருப்பு என்று மட்டும் தெரிந்தால் அதைப் பற்றி வேறென்ன சொல்வாய்?

சீடர்: ஒன்றும் சொல்ல முடியாது.

குரு: ஒன்று பறவை என்று தெரிந்தால்?

சீடர்: இறகு இருக்கும், அலகு இருக்கும், முட்டையிடும்.

குரு: கண்ணால் பார்க்காத பறவைக்கும் இதைச் சொல்லிவிடலாம். பாராததையும் சொல்ல வைக்கும் பிரிவே ஆழமான பிரிவு. உயிர்களை வகைப்படுத்திய லின்னேயஸ் 1735இல் தன் நூலில் திமிங்கிலத்தை மீன்களோடு சேர்த்திருந்தார். 1758இல் வந்த அந்நூலின் பத்தாம் பதிப்பில் பாலூட்டிகளிடம் கொண்டுபோனார். நுரையீரலால் மூச்சுவிடுகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது என்பவை, கடலில் வாழ்கிறது என்பதைவிட அதிகம் சொல்லின. அதே பதிப்பில் வௌவாலை மனிதரோடும் குரங்கோடும் ஒரே வரிசையில் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைத் தனியே பிரித்தார்கள். பெரிய அறிஞரும் தட்டை மாற்றி மாற்றித்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

சீடர்: தொல்காப்பிய மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்குகிறதே?

குரு: அங்கே கேள்வி வேறு: ஓர் உயிர் எத்தனை வழிகளில் உலகை அறிகிறது? அதன்படி எறும்புக்கு மூன்றறிவு, நண்டுக்கு நான்கு. இன்றைய விலங்கியல் உடலமைப்பைக் கேட்கிறது. மேலே ஓடு, கணுக்கணுவான கால்கள் என்று பார்த்து இரண்டையும் கணுக்காலிகளில் சேர்க்கிறது. இந்த இரண்டு பிரிவுமுறைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், எந்தப் பிரிவின் அடியிலும் ஒரு கேள்வி இருப்பது புரியும்.

சீடர்: நாலு வயதுக்கு இந்த ஆழம் எட்டுமா? வௌவாலைப் பறவை இல்லை என்றால் நம்புவார்களா?

குரு: நம்பிவிடுவார்கள்; அதனால்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சூசன் கெல்மனும் எல்லன் மார்க்மனும் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாலு வயதுப் பிள்ளைகளுக்குப் பூநாரைப் படத்தையும் வௌவால் படத்தையும் காட்டி, பூநாரை குஞ்சுக்கு இரையை மசித்து ஊட்டும், வௌவால் பால் கொடுக்கும் என்றார்கள். பிறகு, பார்வைக்கு வௌவாலைப் போலிருந்த ஒரு கரும்பறவையைக் காட்டி, இது எதைக் கொடுக்கும் என்று கேட்டார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் உருவத்தை விட்டுவிட்டு, ‘பறவை’ என்று சொல்லப்பட்ட பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். நீ வைக்கும் பெயருக்கு அவ்வளவு பலம்.

சீடர்: ஆனால் ஆறு நாயும் இரண்டு பூனையும் வைத்து, நாய் அதிகமா விலங்கு அதிகமா என்றால் நாய்தான் என்கிறார்கள்.

குரு: குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த பியாஜே இதே மாதிரிக் கேள்வியை மணிகளையும் பூக்களையும் வைத்துக் கேட்டிருக்கிறார். பகுதியையும் முழுமையையும் ஒரே நேரத்தில் மனதில் நிறுத்துவது ஏழெட்டு வயதில்தான் நிலைப்படும் என்றார். இப்போதே அதைத் திணிக்காதே.

சீடர்: ஒப்பிட்டுப் பார்க்க யானையையும் எறும்பையும் கொடுக்கலாமா?

குரு: பெரிசு, சிறிசு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வெள்ளாட்டையும் செம்மறியையும் காட்டு. மேய்ச்சலுக்குப் போகும் மந்தையைத் தெருவில் நின்றே பார்க்கலாம். வெள்ளாட்டின் வால் நிமிர்ந்து நிற்கும், செம்மறியின் வால் தொங்கும். வெள்ளாடு வேலியில் முன்னங்காலை ஊன்றி இலையை எட்டிக் கடிக்கும், செம்மறி குனிந்த தலை நிமிராமல் புல்லை மேயும். வாலுக்கு வால், வாய்க்கு வாய் ஒத்துப் பார்க்க இடம் இருப்பதால்தான் வேற்றுமை கண்ணில் படுகிறது. ஒற்றுமை நிறைய உள்ள இரண்டைக் கொடு. வேற்றுமையைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

சீடர்: அந்தப் பெண் பிள்ளை கற்றுக்கொண்டாள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குரு: பொம்மைகளைக் கலைத்துவிட்டு, முட்டையிடுவது எது என்று கேள். பல்லி கோழியோடு போகும். மறுபடி கலைத்து, நாலு கால் உள்ளது எது என்று கேள். பல்லி இப்போது மாட்டோடு நிற்கும். இதில் முரண் எதுவும் இல்லை என்று அவள் கை தயங்காமல் நகர்ந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டாள்.

சீடர்: மீதிப் பாதி?

குரு: ஒரு விதியும் சொல்லாமல் வௌவாலை அவள் கையில் கொடு. எந்தத் தட்டிலும் போடாமல், “எதை வச்சுப் பிரிக்கணும் டீச்சர்?” என்று அவள் உன்னைக் கேட்க வேண்டும்.