முதுசமும் தேடிய தேட்டமும்: உரியவரைக் காணாத நூல்கள் பற்றிய ஓர் அறவிசாரணை

யாழ்ப்பாணத்துக் காணியுறுதி ஒன்றைப் படித்தவர் அதன் நடையை எளிதில் மறவார். காணியின் பெயர், அதன் பரப்பும் குழியும், நான்கு திசையிலும் எல்லையாய் அமைந்தவர்களின் பெயர்கள், கிணற்றிலுள்ள பங்கு, வழிவாய்க்கால் உரித்து, நிற்கும் பனைகள் என யாவும் மூச்சுவிடாத ஒரே வாக்கியத்தில் அடங்கியிருக்கும். மல்லாகம் நீதிமன்றத்தின் சுற்றாடலில் வாழ்வோர்க்குச் சட்டம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இவ்வாக்கியமே. ஆனால், நூல் ஒன்றுக்கு இத்தகைய உறுதி எழுத முற்படுவோமாயின் முதலடியிலேயே இடர்ப்படுவோம். நூலுக்கு வடக்கெல்லை யாது? ஆசிரியர் சொன்ன கருத்து எவர்க்கும் பொது. அதனை அவர் சொன்ன வடிவம் மட்டுமே அவர்க்கு உரியது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இக்கொள்கையையே தழுவியுள்ளது. ஆயினும், கருத்து முடிந்து வடிவம் தொடங்கும் இடத்தில் வேலி எதுவும் இல்லை. இல்லாத அவ்வேலியைத் தேடி நடப்பதே பதிப்புரிமை, கணினித் தொழில்நுட்பம் ஆகியவை பற்றிய வழக்குகளில் ஈடுபடும் சட்டத்தரணியின் தொழிலாகும்.

புறத்தே நோக்குவார்க்கு இத்தொழில் வணிக நிறுவனங்களின் கணக்குவழக்கோடு முடிவதாகத் தோன்றும். நம் நாட்டிலும் இத்தகைய வழக்குகள் கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்தைச் சார்ந்தனவாதலின், வடபுலத்தார்க்கு அவை தொலைவானவை. எனினும் இத்தொழிலின் நடுவே அறவியல் மாணவர் எவரும் புறக்கணிக்க இயலாத ஒரு வினா உள்ளது. பேசாதிருப்பவர் எதனைச் சொல்கின்றார் என்பதே அவ்வினா. அதனைக் காங்கேசன்துறையில் வைத்து நோக்குவோம்.

காங்கேயன் என்னும் முருகக் கடவுளின் திருவுருவம் வந்திறங்கிய துறை என ஐதிகம் கூறும் இவ்வூர், 1902ஆம் ஆண்டிலேயே புகைவண்டியைக் கண்டது. பின்னர் சீமெந்துத் தொழிற்சாலையாலும் துறைமுகத்தாலும் பெயர் பெற்றது. 1990ஆம் ஆண்டில் இவ்வூரவரும் அயற்கிராமத்தவரும் வீடுவாசல்களை விட்டுப் பெயர்ந்தனர். நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. இடம்பெயர்ந்தோர் பெட்டியில் காணியுறுதிகளை வைத்துக்கொண்டனர்; சிலர் அதனையும் தவறவிட்டனர். நூல்களை எடுத்துச் சென்றவர் எத்தனை பேர்? அரிசியையும் குழந்தையையும் தூக்கிய கைகளில் நூலுக்கு இடம் இருந்திராது. அதற்கு ஒன்பது ஆண்டுகளின் முன்னரே, 1981ஆம் ஆண்டில், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்டுவிட்டது. வீட்டில் அழிந்த நூலுக்கு நூலகத்திலும் படி இல்லை என்ற நிலை இவ்வாறு உண்டாயிற்று.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் 1960களில் தம் கரையோரக் கிராமத்தின் வரலாற்றை எழுதி, நகரத்து அச்சகம் ஒன்றில் ஐந்நூறு படிகள் அச்சிட்டு, பாதியை இலவசமாகக் கொடுத்துவிட்டார் எனக் கொள்க. வாடை, சோளகம், கொண்டல் என்னும் காற்றுகளுக்கேற்ப வலையும் தோணியும் மாறிய முறை அந்நூலில் உள்ளது. இன்று எவரும் வழங்காத கடற்சொற்கள் உள்ளன. ஆசிரியர் 1992ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த ஊரொன்றில் காலமானார். பிள்ளைகள் எங்கெங்கோ சிதறினர். ஒரே ஒரு படி, கறையான் அரித்த அட்டையோடு, எவரோ ஒருவரின் அலுமாரியில் எஞ்சியது. அதனைக் கண்டெடுத்த இளைஞர் ஒருவர் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து எண்ணிம வடிவாக்கி, உலகத்தார் யாவரும் படிக்குமாறு வெளியிட விரும்புகின்றார். சட்டத்தரணியிடம் வந்து, “இது ஆகுமா?” என்று வினவுகின்றார்.

சட்டம் ஆசிரியரின் ஆயுட்காலத்துக்கும் அவர் மறைவின் பின் எழுபது ஆண்டுகளுக்கும் உரிமை வழங்குகின்றது. ஆகவே, இந்நூல் 2062ஆம் ஆண்டின் முடிவுவரை பிறர் சொத்து. எவருடைய சொத்து என்பதுதான் தெரியவில்லை. வணிக நோக்கமற்ற நூலகம் அழிவினின்று காக்கும் பொருட்டுப் படியெடுத்துக்கொள்வதற்குச் சட்டம் ஓரளவு இடந்தருகின்றது; நியாயமான பயன்பாடு என்னும் விதியும் உண்டு. ஆனால், முழு நூலையும் உலகறிய வெளியிடுவதற்கு இவ்விரு வாயில்களும் குறுகியவை.

இங்கே சட்டத்தரணிக்கு எளிதான விடைகள் இரண்டு உள்ளன. உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியின்றித் தொடவேண்டாம் என்பது ஒன்று. அதனாற் சொல்பவர்க்கு எவ்வித இழப்பும் இல்லை, இழப்பு நூலுக்கே. கறையான் 2062 வரை காத்திராது. எவரும் வந்து கேட்கப்போவதில்லை, வெளியிடும் என்பது மற்றது. தொழிலனுபவம் மிக்க சிலர் இதனைச் சிறு புன்னகையோடு சொல்லக்கூடும். ஒன்று கட்டுப்பாடாகவும் மற்றது துணிவாகவும் தோன்றினும், இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பதே என் கருத்து. முதலாவது விடை உரியவரின் மௌனத்தை மறுப்பாகக் கொள்கின்றது. இரண்டாவது அம்மௌனத்தைக் கைவிடலாகக் கொள்கின்றது. இரண்டுமே அவரைத் தேடுவதில்லை.

உடைமையைப் பற்றிய நம்மவர் சிந்தனை ஈண்டு உதவக்கூடியது. 1707ஆம் ஆண்டில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்தளித்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடிய தேட்டம் எனச் சொத்தை வகுத்து நோக்கியது. (வழிவழி வந்த வழக்கங்களைத் தொகுத்த அவரை அந்நூலின் ஆசிரியர் என்பதா, எழுதியவர் என்பதா என்று இக்காலப் பதிப்புரிமையாளர் வாதிடலாம், அது நிற்க.) முன்னோர் வழி வந்தது முதுசம், இல்வாழ்க்கையில் உழைத்துச் சேர்த்தது தேடிய தேட்டம். முதுசத்திலிருந்து மணவாழ்க்கைக் காலத்தில் விளையும் வருவாயும் தேடிய தேட்டத்திலேயே சேரும் என்பது இவ்வழமையின் நுட்பம். நூல் ஒன்றை இவ்விரு சொற்களால் நோக்கினால் தெளிவு பிறக்கின்றது. நம் கிராமத்து ஆசிரியர் பயன்படுத்திய மொழி முதுசம், கடற்சொற்கள் முதுசம், கிழவர்களிடம் கேட்டெழுதிய கதைகள் முதுசம். அவற்றைத் தேர்ந்து, ஒழுங்குபடுத்தி, தம் வாக்கியங்களால் உருவம் கொடுத்த உழைப்பு தேடிய தேட்டம். ஆகவே, நூலால் வரும் ஊதியம் அவர்க்கும் அவர் வழியினர்க்கும் உரியது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஊராரின் முதுசத்தை உள்ளே வைத்துக் கட்டிய வீட்டை முற்றாகப் பூட்டிவிடும் உரிமையும் அவ்வழியினர்க்கு உண்டோ என்பது வேறு வினா.

சேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட் 1785ஆம் ஆண்டில் எழுதிய சிறு கட்டுரை இவ்வினாவிற்கு எதிர்பாராத வெளிச்சம் தருகின்றது. அனுமதியின்றி நூலை மறுபதிப்புச் செய்தல் ஏன் தவறு என்பதே அதன் பொருள். நூலைக் கான்ட் வெறும் பண்டமாகக் காணவில்லை. ஆசிரியர் மக்களை நோக்கிப் பேசும் பேச்சாகக் கண்டார். பதிப்பாளர் ஆசிரியரின் பெயரால் அப்பேச்சை மக்களிடம் சேர்ப்பவர். பணிக்கப்படாமல் ஒருவர் பிறர் பெயரால் பேசுவதே கள்ளப் பதிப்பின் குற்றம். இவ்வளவோடு அவர் நின்றாரல்லர். கையெழுத்துப் படியை ஒப்படைத்த பின் ஆசிரியர் இறந்தால், அதனைத் தம் சொத்தாகக் கருதி வெளியிடாது அடக்கிவைக்கும் உரிமை பதிப்பாளர்க்கு இல்லை. வழித்தோன்றல் இல்லாவிடத்து, வெளியிடுமாறு கோரும் உரிமை மக்களுக்கு உண்டு என்றார். பேச்சு ஒன்று தொடங்கிவிட்டால், கேட்பவரும் அதில் ஒரு தரப்பினர் என்பது இதன் உட்பொருள். நம் ஆசிரியர் 1960களில் ஐந்நூறு படிகள் அச்சிட்டு, பாதியை விலையின்றிக் கொடுத்தபோதே பேசத் தொடங்கிவிட்டார். அவர் தாமாக வாய் மூடவில்லை.

வராதிருத்தல் கைவிடுதல் ஆகாது என்பதை நம் நாட்டுச் சட்டம் காணி விடயத்தில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுள்ளது. பிறர் காணியைத் தடையின்றிப் பத்தாண்டுகள் ஆண்டவர்க்கு உரித்துண்டாகும் என்பது 1871ஆம் ஆண்டிலிருந்து வரும் விதி. போரினால் பெயர்ந்தோர்க்கு இவ்விதி பெருங்கொடுமையாய் முடியும் என்பதனாலேயே, 2016ஆம் ஆண்டில் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1983ஆம் ஆண்டு மே மாதம் முதல் 2009ஆம் ஆண்டு மே மாதம் வரை, அக்காலச் சூழ்நிலையால் நீதிமன்றத்தை நாட முடியாதிருந்தவர்க்கு எதிராக அவ்வாண்டுகள் எண்ணப்படா என்பது அதன் சாரம். காணிக்குச் சட்டம் செய்த இந்நியாயத்தை நூலுக்கு எவரும் செய்யவில்லை. ஆனால், இரண்டையும் ஒன்றெனவே கொள்வதும் பிழை. நான் ஆளும் காணியை நீர் ஆள முடியாது. நான் படிக்கும் நூலை நீரும் படிக்கலாம். காணியில் ஆட்சியே பறிப்பு. நூலில் படித்தல் பறிப்பன்று. பெயரை மறைத்தலும், வடிவத்தைச் சிதைத்தலும், வருவாயை விழுங்குதலுமே பறிப்பு. இவ்வேறுபாட்டை மறந்த சட்டத்தரணி பதிப்புரிமை வழக்கையும் வேலிச் சண்டையாகவே நடத்துவார்.

உலகின் பெரிய நீதிமன்றங்களும் இவ்விடத்தில் இடறியுள்ளன. பெரும் நூலகங்களின் நூல்களைக் கூகிள் நிறுவனம் இலட்சக்கணக்கில் படம்பிடித்தபோது ஐக்கிய அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 2005ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தது. இரு தரப்பும் ஓர் இணக்கத்துக்கு வந்தன: மறுப்புத் தெரிவிக்காத ஆசிரியரின் நூல்களை நிறுவனம் விற்கலாம், வருவாயிற் பங்கு ஒதுக்கப்படும் என்பது. 2011ஆம் ஆண்டில் நீதிமன்றம் இதனை ஏற்க மறுத்தது. உரியவரைக் காணாத நூல்களை என் செய்வது என்பதைத் தனியார் இருவரின் உடன்படிக்கை தீர்மானித்தல் தகாது, அது சட்டமன்றத்தின் பணி என்பது அதன் காரணங்களுள் ஒன்று. வாய்திறவாதவரின் பொருளை விற்கும் உரிமை பேசும் இருவர்க்கும் இல்லை என்று நாம் இதனைப் புரிந்துகொள்ளலாம். ஆனால், அதே வழக்கில், நூல்களைத் தேடுவதற்கும் சிறு பகுதிகளைக் காட்டுவதற்கும் படியெடுத்தமை நியாயமான பயன்பாடே என்று 2015ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2012ஆம் ஆண்டில் வேறொரு வழி கண்டது. நூலகம் போன்ற பொது நிறுவனங்கள் உரியவரை நல்லெண்ணத்தோடு முயன்று தேட வேண்டும். தேடியும் காணாவிடின் வெளியிடலாம். பின்னர் அவர் தோன்றினால் அவர் சொல்லே செல்லும், இழப்பீடும் உண்டு. தேடுதலையே கடமையாக்கியமையால் இவ்வழி எனக்கு மிக ஏற்புடையதாகத் தோன்றுகின்றது.

தமிழர் கண்ட வழி மற்றொன்று. பாரதியார் 1921இல் மறைந்த பின் அவர் பாடல்களின் உரிமை பல கைகளுக்கு மாறியது. 1940களில் திரைப்படத்தில் ஒரு பாடலைப் பயன்படுத்துவதும் வழக்குக்குரிய செயலாயிற்று. எதிர்ப்பு வலுக்கவே, 1949ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் உரிமையைப் பெற்று, சில ஆண்டுகளின் பின் மக்களுக்குப் பொதுவாக்கியது. தமிழ்நாட்டில் பின்னர் எழுத்தாளர் பலரின் நூல்கள் இவ்வாறே நாட்டுடைமையாயின. வழியினர் பரிவுத்தொகை பெற்றனர். ஈழத்துக் கிராமத்து ஆசிரியர்க்கு இவ்வாறு வாங்கிக் கொடுக்க எவரும் இல்லை. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் போன்ற தன்னார்வ முயற்சிகளே அவ்விடத்தில் நிற்கின்றன.

சிறுப்பிட்டியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1871ஆம் ஆண்டில் சட்டப் பட்டம் பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, வழக்குரைஞராகவும் நீதிபதியாகவும் தொழில் புரிந்துகொண்டே தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் சிதைந்த ஏடுகளிலிருந்து பதிப்பித்தார். ஏடு வைத்திருந்தவர் தர மறுத்த இடங்களில் அவர் சட்டப் புத்தகத்தைத் திறந்தாரல்லர். மீண்டும் மீண்டும் கேட்டுத் திரிந்தார். சட்டம் கற்றவர் ஏட்டைக் காத்த இம்மரபு நமக்கு இருக்க, இன்றைய சட்டத்தரணி ‘தொடாதீர்’ என்ற ஒரு சொல்லோடு இருக்கையில் அமர்ந்துவிடுதல் வருந்தத்தக்கது.

இப்போது புதியதொரு தரப்பும் வந்து சேர்ந்துள்ளது. கணினிக்கு மொழி கற்பிப்போர், கிடைக்கும் எழுத்துகள் யாவற்றையும் அதற்கு ஊட்டுகின்றனர். அது சட்டத்துக்கு ஏற்குமா என்னும் வழக்குகள் அமெரிக்காவிலும் பிறநாடுகளிலும் எழுந்துள்ளன. கான்டின் அளவுகோலால் நோக்கின், கள்ளப் பதிப்பாளரும் ஆசிரியரின் பெயரால் பேசினார். இயந்திரமோ எவர் பெயராலும் பேசுவதில்லை. கடற்சொற்கள் பிழைத்துக்கொள்ளும்; அவற்றைத் திரட்டியவர் மறைந்துபோவார். முதுசம் மிஞ்சித் தேடிய தேட்டம் கரையும் இந்நிலைக்குப் பழைய நியாயங்கள் போதுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

இளைஞரின் வினாவிற்குத் திரும்புவோம். நான் அச்சட்டத்தரணியாயின், முதலில் நூலைப் படியெடுத்துக் காப்பாற்றும் என்பேன். அதற்குக் காத்திருத்தல் வேண்டா. பின், இருவரும் அமர்ந்து பத்திரிகைக்கு ஓர் அறிவித்தல் எழுதுவோம்: நூலின் பெயர், ஆசிரியர் பெயர், அச்சிட்ட ஆண்டு, ஊர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இயங்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் அதனை அனுப்பவேண்டும். ஆசிரியர் கற்பித்த பாடசாலையின் பழைய மாணவரையும் கேட்கவேண்டும். ஆறு மாதங்கள் செல்லலாம். ஒருவேளை மகள் ஒருத்தி எங்கிருந்தோ எழுதுவாள். பணம் கேட்பாளோ, வெளியிட வேண்டாம் என்பாளோ, தகப்பனாரின் நூல் ஒரு படியேனும் உண்டோ என்று தானும் இத்தனை ஆண்டுகள் தேடிக்கொண்டிருந்ததாகச் சொல்வாளோ, அறியோம்.