கற்பிப்போனும் கற்றலும்



மூத்த மாணாக்கன் ஒருவனை இளையோர்க்குத் தலைவனாக வைத்தல் நம்மிடைத் தொன்றுதொட்டு வரும் வழக்கு. திண்ணைப் பள்ளியிற் சட்டாம்பிள்ளை யெனப்பட்டான் அவனே. பிறரை நடத்தும் அவனை நடத்துவார் யாவர்? அவர் எங்ஙனம் ஒழுகின் அவன் தலைமை பயன்றரும்? இதனை நம் சந்தானாசாரியர் வரலாறே விளக்கும்.

13-ஆம் நூற்றாண்டில் திருத்துறையூரில் விளங்கிய சகலாகம பண்டிதர் மாணாக்கர் பலர்க்குத் தலைவர். மெய்கண்டாரின் தந்தையார் அச்சுதகளப்பாளர்க்குக் குலகுரு. அவர் திருவெண்ணெய்நல்லூரடைந்து ஆணவத்தின் வடிவு யாதென வினவியபொழுது, ஆண்டில் இளையராகிய மெய்கண்டார் அவரையே மேலுங்கீழும் நோக்கினாரென்பது மரபு. அந்நோக்கின் பொருளுணர்ந்து பணிந்தவரே அருணந்தி சிவாசாரியர்.

ஈண்டு உய்த்துணரற்பாலன மூன்று. ஒன்று, ஆசிரியர் குற்றத்தைப் பழித்தாரல்லர், காட்டினார். பழித்தவழி மாணாக்கன் தன்னைக் காத்தற்கே முற்படுவான். காட்டியவழித் தன்னைக் காண்பான். இரண்டு, மாணாக்கரும் தம் கூட்டத்தின்முன் தலைமை குன்றுமென்று அஞ்சினாரல்லர். மூன்று, முன்கற்ற கல்வி வீணாயிற்றில்லை. 12 சூத்திரங்கொண்ட சிவஞானபோதத்திற்கு வழிநூலாய்ச் சிவஞானசித்தியார் எழுந்தது. அதன் பரபக்கத்துட் பிறமதங்களை எடுத்து மறுக்கும் ஆற்றல் பண்டைக் கல்வியின்றி யாங்ஙனம் வரும்? செருக்குக் கழிந்தது, கல்வி நின்றது.

அண்மைக் காலத்துஞ் சான்றுண்டு. 1876-ஆம் ஆண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் மறைந்தபின், திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர், 21 வயதளவினரான உ. வே. சாமிநாதையரை மடத்து மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்ல வைத்தார். தாமும் அவர்க்குப் பாடஞ் சொல்லிவந்தார். மேலிருந்து கேட்டலும் கீழுள்ளார்க்குச் சொல்லுதலும் ஒருங்கு நிகழ்ந்தமையின், கேட்டது சொல்லுதலால் தெளிந்தது. சொல்லுதலாற் பிறக்குஞ் செருக்குக் கேட்டலால் அடங்கியது. 1880-ஆம் ஆண்டிற் கும்பகோணம் கல்லூரியிற் பணி வாய்த்தபொழுது, தேசிகர் பிரிய மனமின்றியும் விடைகொடுத்தார். தம்பால் நிறுத்திக் கொள்ளாது உலகிற்குத் தருதலும் ஆசிரியர் கடனே.

ஆதலின், மடங்களிலும் பாடசாலைகளிலும் மூத்த மாணாக்கனுக்கு அதிகாரம் மாத்திரம் அளித்து, அவன் பாடத்தை நிறுத்திவிடுதல் தகாது. கேட்பாரற்ற தலைமை இளையோரை அச்சுறுத்தும். அச்சத்தாற் கற்றார் பின்னர் அச்சத்தையே கற்பிப்பர். பரம்பரை அவ்விடத்தே அறுபடும். நாடோறும் அவனை எதிரிருத்தி ஒரு பாடமேனுஞ் சொல்லுமின். அவன் சொல்லும் பாடத்தைச் சிறிதேனுங் கேண்மின். அதுவே அவற்கும் அவன்பின் வருவார்க்கும் உறுதி பயக்கும்.

திருச்சிற்றம்பலம்.