செருப்புக்கு அளவான கால்

சிண்ட்ரெல்லா கதையில் ஒரே ஒருத்திக்காகத்தான் அழச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சாம்பலில் கிடந்து வேலை செய்தவளுக்காக. 2025இல் வந்த நார்வே படம் ‘தி அக்ளி ஸ்டெப்சிஸ்டர்’ நம்மை மாற்றாந்தாய் மகள் எல்விராவின் பக்கம் உட்கார வைக்கிறது. எமிலி பிளிக்ஃபெல்ட் என்ற பெண் இயக்கிய முதல் முழுநீளப் படம் இது.

இளவரசனுக்குப் பிடிக்கணுமே என்று எல்விராவின் மூக்கை உளி வைத்து உடைக்கிறார்கள். கண் இமையில் ஊசி ஏற்றி முடி தைக்கிறார்கள். உடம்பு மெலிய நாடாப்புழு முட்டையை முழுங்குகிறாள். வீட்டுக்காரர் பிணம் அடக்கம் பண்ணாமல் அழுகிக் கிடக்கு; மகளை அழகாக்க மட்டும் தாய்க்காரிக்குக் காசு இருக்கு. கடைசியில் செருப்புக்குள் நுழையணும்னு கால்விரல்களை வெட்டிக்கிறாள். வெட்டினது ஒரு காலு, செருப்பு மத்தக் காலுக்கு! சிரிப்பு வருது. சிரிச்ச வாயை உடனே மூடிக்கொள்ள வேண்டியிருக்கு.

வெட்டு படக்காரர்களின் கற்பனை இல்லை. கிரிம் சகோதரர்கள் 1812இலேயே அச்சில் போட்டதுதான். கொஞ்சம் வலிச்சாலும் ராணி ஆகலாமேன்னு தாயே கத்தி கொடுக்கிறாள். ஒருத்தி விரலை வெட்டுறா, ஒருத்தி குதிகாலை. 1819 பதிப்பில் புறாக்கள் வந்து இவர்கள் கண்களைக் கொத்துவதையும் சேர்த்தார்கள். கத்தி கொடுத்தவளுக்குத் தண்டனை கிடையாது. ஒத்தைச் செருப்பை வச்சுக்கிட்டு பொம்பளைகளை அளந்தவனுக்குக் கல்யாணம்.

தன் காலைத் தானே வெட்டிக்கொண்டவள் குற்றவாளியா? அளவு வைத்தவனை விசாரிக்காமல் அவளைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசில்லை.

படத்தோடும் எனக்கு வழக்கு உண்டு. ஆக்னஸ் என்ற ஒசந்த வீட்டுப் பெண் வேலைக்காரி ஆனதுதான் இதிலும் பெரிய அநியாயம். பிறந்ததிலிருந்தே அடுப்படியில் கிடக்கிறவளுக்கு எந்தப் புறா வந்தது? ஆக்னஸ் பிரியப்பட்டது குதிரை லாயத்துப் பையன்மேல். அவனை விரட்டிவிடுகிறார்கள், அவளும் இளவரசனிடம்தான் போய்ச் சேருகிறாள்.

அப்புறம் அந்தச் செருப்பு. கிரிம் கதையில் பறவை போடுது. 1697இல் பெரோ எழுதியதில் தேவதை கொடுக்குது. செருப்பு தைக்கிற கை ரெண்டிலும் இல்லை.

படத்தில் எனக்குப் பிடித்தவள் தங்கச்சி ஆல்மா. அவள் எந்த அளவுக்கும் காலை நீட்டுவதில்லை. அக்கா வயித்திலிருந்து புழுவை வெளியே எடுக்க வைத்து, அந்த வீட்டைவிட்டே கூட்டிக்கொண்டு போகிறாள்.