கன்னத்தில் தங்கிய நீர்

என்னைப் போல் தாடைப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் உயிரைப் பற்றித்தான் கேட்பார்கள். சில மாதம் போனால் பேச்சு முகத்துக்கு வந்துவிடும். "வீக்கம் இன்னும் வடியலையா?" என்று என்னிடம் கேட்காத உறவினர் இல்லை. அத்தனை பேரும் அக்கறையோடு கேட்டவர்கள். "வடிஞ்சிரும், கவலைப்படாதீங்க" என்று அவர்களே பதிலும் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஆறுதலுக்குள் ஓர் உத்தரவும் இருக்கிறது: அதுவரை பொறு. கதிர்வீச்சு அறைக்கு வெளியே என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பலரும் அப்படித்தான் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். வடிந்ததும் கடையைத் திறப்பேன் என்றார் ஒருவர். வடியட்டும், பிறகு பெண் வீட்டாரை வரச் சொல்லலாம் என்று மகனின் கல்யாணப் பேச்சையே நிறுத்திவைத்திருந்தார் இன்னொருவர். முகம் பழையபடி ஆகிற நாளுக்காக மற்ற நாட்களை எல்லாம் ஒதுக்கிவைக்கலாமா? வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடாத கேள்வி இது.

கத்தி பட்டதால் வரும் வீக்கம் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் போகாமல் இருப்பதும், கதிர்வீச்சு முடிந்து சில மாதம் கழித்து மெல்ல ஏறுவதும் வேறு வகை. ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து சதைக்குள் இறங்கும் நீரைத் திரும்பவும் ரத்தத்தில் கொண்டு சேர்ப்பதற்கென்றே உடம்பில் நிணநீர்க் குழாய்கள் இருக்கின்றன. வழிநெடுக முடிச்சுகள். காய்ச்சல் வந்தால் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்போமே, அவைதான். உடம்பு முழுக்க இருப்பவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, 300 வரை, தலையிலும் கழுத்திலுமே இருக்கின்றன. வாய்ப் புற்று பரவப் பார்க்கும் முதல் இடமும் கழுத்துதான் என்பதால், தாடை எலும்போடு சேர்த்துக் கழுத்து முடிச்சுகளையும் எடுத்துவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் குழாய்களைக் கதிர்வீச்சு தழும்பாக்கிவிடுகிறது. ஊற்று நிற்பதில்லை, வடிகால் மட்டும் போய்விட்டது. நாங்கள் கும்பகோணம் பக்கத்துக்காரர்கள். யானைக்காலைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அங்கே கொசு கொண்டுவரும் புழு நிணநீர்ப் பாதையைக் கெடுக்கிறது, இங்கே உயிரைக் காப்பாற்றிய சிகிச்சையே கெடுத்திருக்கிறது.

இதில் நோயாளிக்கு யாராவது சொல்லியே ஆக வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த வீக்கம் முதலில் மெத்தென்று இருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். அப்படியே விட்டால் நாளடைவில் உள்ளே நார் படிந்து இறுகும். இறுகிய பிறகு இளக்குவது மிகவும் கடினம். வெளியே தெரியாமல் நாக்கின் அடியிலும் தொண்டையிலும் வீங்கி, விழுங்கும்போது புரையேற வைப்பதும் உண்டு. ஆகவே "பொறு" என்பது மனசுக்கு மட்டுமல்ல, சதைக்கும் கெடுதலான யோசனை.

எனக்கு வழி காட்டியவர் ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட். வீங்கியிருக்கும் கன்னத்தில் கையை வைக்கப் போனவனைத் தடுத்து, காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழியைக் காட்டினார். "இங்கேருந்துதான் ஆரம்பம் சார். கன்னம் கடைசி." கொஞ்சம் யோசித்ததும் புரிந்துவிட்டது. கடைமடையில் அடைப்பை எடுக்காமல் மேலே மதகைத் திறந்து என்ன பயன்? முதலில் வயிறு எழும்பி இறங்க ஆழமாக மூச்சு. பிறகு காறைக் குழி, அக்குள். அவை காலியான பிறகு கழுத்துப் பக்கவாட்டு, தாடைக்கு அடியில் பை போலத் தொங்கும் இடம், கடைசியில் கன்னம். "அழுத்தாதீங்க, பிசையாதீங்க. தோலை மட்டும் லேசா இழுத்து விடுங்க." அவ்வளவு மென்மையாக நான் எதையும் தொட்டதில்லை. நிணநீர்க் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன. கை கனத்தால் நசுங்கிவிடும்.

1930களில் பிரான்சில் வாழ்ந்த டென்மார்க் தம்பதி எமில் வோடரும் எஸ்ட்ரிட் வோடரும் உருவாக்கிய முறை இது. தீராத சளியோடு வந்தவர்களின் கழுத்தில் நெறி கட்டியிருப்பதைக் கண்டு, கழுத்தைத் தொடவே மற்றவர்கள் தயங்கிய காலத்தில் அவர்கள் தொட்டார்கள். (வீட்டில் பார்த்துச் செய்துகொள்ளும் காரியமல்ல இது. புற்று மீதமில்லை, கிருமித் தொற்று இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, தெரிந்தவரிடம் கற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.)

காலையில்தான் வீக்கம் அதிகம். இரவெல்லாம் படுத்திருப்பதால் நீர் இறங்க வழியில்லை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்திருக்கிறோம். எழுந்து நடமாடினால் மதியத்துக்குள் ஓரளவு இறங்கும். சவரம் எலக்ட்ரிக் ரேசரில்தான். உணர்ச்சியில்லாத தோலில் பிளேடு கீறினால் தெரியாது, கீறல் வழியாகக் கிருமி நுழைந்தால் வீங்கிய இடத்தில் வேகமாகப் பரவும். கன்னம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கெட்டியாகப் புதுக் கட்டி தட்டுப்பட்டாலும் அப்படியே. அந்தப் பயம் போய்விடும் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். தினமும் தடவிப் பார்க்கிற கைக்கு எது பழைய வீக்கம், எது புதியது என்று தெரிந்திருக்கும், அதுதான் தைரியம்.

கீழுதட்டில் பாதி மரத்துப்போயிருக்கிறது. ரசம் வழிந்தால் எனக்குத் தெரியாது. பந்தியில் எதிரே உட்கார்ந்திருக்கும் என் மனைவி, யாருடனாவது பேசிக்கொண்டே தன் மோவாயை ஒரு விரலால் தொடுவாள். நான் துடைத்துக்கொள்வேன். பக்கத்து இலைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஒரு விரலால்தான் நான் மறுபடி பந்தியில் உட்கார்கிறேன்.

காத்திருக்காத ஒருவரைச் சொல்கிறேன். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்டுக்கு மேல் தாடையில் புற்று என்று தெரிந்தது 1923-இல். 1939-இல் இறக்கும்வரை முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள். வாய்க்கும் மூக்குக்கும் நடுவே அடைப்பாகப் பொருத்திய செயற்கைத் தாடை அவரை ஓயாமல் புண்படுத்தியது. அதைப் பராமரிக்க மகள் ஆனா உதவினார். சாவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்புவரை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேதை என்பதால் இதைச் சொல்லவில்லை. வாய் குணமாகட்டும் என்று அவர் காத்திருந்தால் அந்தப் பதினாறு வருடமும் காத்திருப்பிலேயே போயிருக்கும்.

பார்க்கிறவர்களின் கண்களுக்கு வருகிறேன். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக 1917-இல் லண்டனை அடுத்த சிட்கப்பில் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். அறுவை மருத்துவர் ஹெரால்ட் கில்லிஸ் அங்கேதான் முகச் சீரமைப்பு அறுவையை வளர்த்தெடுத்தார். ஊருக்குள் போகும் சாலையில் சில பெஞ்சுகளுக்கு நீல வண்ணம் பூசியிருந்தார்கள். அவற்றில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து அதிர வேண்டாம் என்று ஊராருக்கு முன்னறிவிப்பு. நம் ஊரில் நீலப் பெஞ்சு இல்லை, கேள்வி இருக்கிறது: "புகையிலை போடுவீங்களோ?" போட்டவனுக்கு அது தண்டனை, போடாதவனுக்கு அவமானம். பிறருடைய நோய்க்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டால் தனக்கு வராது என்ற நிம்மதிக்காகக் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன். புகையிலையே கலக்காத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003-இல் முடிவு கண்டது. தாம்பூலம் மாற்றுகிற நம் வீடுகளில் அந்தச் செய்தியைப் பேச எனக்கு விருப்பமுண்டு. கேட்டவரிடம் அதைச் சொல்கிறேன். சொல்லத் தொடங்கியதும் அவர் என் கன்னத்தை விட்டுவிட்டு என் பேச்சைக் கவனிக்கிறார்.

ஆதாரில் இருந்த பழைய படத்தை மாற்றச் சொன்னது என் மகள். "வடிஞ்சப்புறம் எடுத்துக்கலாமேம்மா" என்றேன். "இப்ப இருக்கிறது யாரு முகம்ப்பா?" என்றாள். மறுநாளே போய் எடுத்துக்கொண்டோம். படத்தில் இடது பக்கம் புடைத்துத்தான் இருக்கிறது. அட்டையை நீட்டும்போது அதிகாரி அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பது நின்றது.

சிகிச்சை தந்த மருத்துவர்களுக்கு நான் உயிர்க்கடன் பட்டவன். அந்த உரிமையோடு, தாடை அறுவை செய்யும் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் தாளில் மாத்திரைகளுக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள்: வீக்கம் தங்கினால் காத்திருக்க வேண்டாம், சீக்கிரம் வாருங்கள்; நிணநீர் வடிக்கும் பயிற்சியை இன்ன இடத்தில் கற்றுத் தருவார்கள். கூட வந்திருக்கும் மனைவியையோ மகனையோ உட்கார வைத்து அதைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். வீட்டில் நினைவூட்டப் போகிறவர்கள் அவர்கள்தான்.